சுப்பையாவுக்கு எதிர்ப்பக்கம்

ஜபருல்லா எந்த வேலையிலும் இரண்டு நோன்புப் பெருநாளைச் சேர்ந்தாற்போல் கண்டதில்லை. பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் பின்புறச் சந்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. துணிக்கடையில் கொஞ்சநாள் நின்றான். அளந்து அளந்து சலித்து, ஒரு மதியம் கஜக்கோலைக் கல்லாவின்மேல் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டான். கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றும் தொங்கானில் போனான். அலை பிடித்திருந்தது, மூட்டை வரும்வரை காத்துக்கிடப்பது பிடிக்கவில்லை. அச்சாபீஸ், மாட்டுவண்டிப் பேட்டை, சுருட்டுக்கடை என்று அவன் ஏறி இறங்காத வாசல் அந்த வட்டாரத்தில் குறைவு.

அவனுடைய அத்தா அப்துல் ரஹீம் தோளில் கழி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறிச்சட்டிகளுமாகத் துறைமுகத்து ஆட்களுக்கு நாசி கந்தர் விற்பவர். மகன் தோளுக்கு அந்தக் கழியை மாற்றிப் பார்த்ததும் உண்டு. ஜபருல்லா நடந்த வேகத்தில் சோறு வாங்க வந்தவர்கள் பின்னால் ஓடவேண்டியிருந்தது.

"நாலு காலுள்ள நாற்காலி ஒரு இடத்தில நிக்குது. ரெண்டே காலை வச்சுக்கிட்டு இவனால நிக்க முடியலையே!" என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்லி மாய்ந்துபோவார் அப்துல் ரஹீம்.

கால்கட்டுப் போட்டால் அடங்குவான் என்று சித்தி ஹாஜராவை நிக்காஹ் செய்துவைத்தார்கள். ஹாஜரா வீட்டிலிருந்தே தொப்பி தைத்துக் கொடுப்பவள். வாயில் நூலைக் கடித்துக்கொண்டே சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லக்கூடியவள். அவளுக்கு அவன்மேல் குறையொன்றும் இல்லை, ஒன்றைத் தவிர: வீட்டில் இருக்கும் நேரத்திலும் அவன் உட்காரமாட்டான். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பான். "உங்க நிழலுக்கே மூச்சு வாங்குது" என்பாள்.

ஹாஜராவின் அண்ணன் ஹனீபா, கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஆற்றங்கரையில் இருந்த ஒரு இரும்புப் பட்டறையில் கணக்கெழுதும் கிராணி. கிடங்குகள், பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள் இவற்றுக்கெல்லாம் இரும்புச் சட்டம் செய்து, கொண்டுபோய் நிறுத்திக் கொடுக்கும் பட்டறை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறில் ஒருநாள் ஹனீபா வந்து சொன்னான்:

"மச்சான், எங்க இடத்தில அப்ரண்டிஸ் எடுக்கிறாங்க. அஞ்சு வருஷம். பழகும்போதே காஜி உண்டு, கையில சம்பளம். முடிச்சா தொழில்காரன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாங்க."

"அஞ்சு வருஷமா?" என்று ஜபருல்லா சிரித்தான்.

"உக்காந்து செய்யிற வேலைக்கெல்லாம் பையன்க வரிசையில நிக்கிறானுங்க. மேல ஏறிச் சட்டம் பூட்டுற கூட்டத்துக்குத்தான் ஆளே வரலை. போன வருஷம் ஒருத்தன் விழுந்துட்டான்லா. அதிலேர்ந்து எந்தத் தகப்பனும் கைநாட்டு வைக்கமாட்டேங்கிறான்."

'மேல' என்ற சொல் ஜபருல்லாவின் காதில் விழுந்ததும் அவன் நடப்பதை நிறுத்தினான். அதை ஹாஜரா கவனித்தாள். "உங்களுக்கு இருபத்துமூணு வயசு. அவங்க மீசை முளைக்காத பையன்களைத்தான் தேடுவாங்க" என்றாள்.

மறுநாள் காலை அவன் மீசை இல்லாமல் வந்து நின்றான். அவள் தைத்துக்கொண்டிருந்த தொப்பியை முகத்தில் வைத்து மூடிக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள்.

பட்டறையில் இஞ்சினியர் துரை அவனுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகையின் கூரைக்குக் கீழே ஓடிய இரும்புத் தூலத்தைக் காட்டி, ஏணியில் ஏறி அதன்மேல் நடந்து மறுகோடி போய்த் திரும்பி வரச் சொன்னார். ஜபருல்லா போனான். திரும்பும்போது, வந்த வழியே வருவது அலுப்பாயிருந்ததால், குறுக்குச் சட்டத்தில் தாவி அடுத்த தூலத்தின் வழியாக வந்து இறங்கினான். துரை சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற போர்மேன் சிரிக்கவில்லை. அவர் சிரானி வம்சத்தவர். போர்த்துக்கீசியப் பெயரும் மலாய் நாக்கும் உள்ளவர். "இவன் ஒன்று சீக்கிரம் செத்துப்போவான், இல்லையென்றால் சீக்கிரம் ஓடிப்போவான்" என்று மலாயில் சொன்னார்.

ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். அப்துல் ரஹீம் பட்டறைக்கு வந்து, ஒப்பந்தத் தாளில் கட்டைவிரலை அழுத்தினார். "இந்தத் தாள் இரும்பால செஞ்சதுன்னு நினைச்சுக்க" என்றார் மகனிடம். ஐந்து வருஷத்துக்கு விட்டுப் போகக்கூடாது. போனால் விஷயம் போலீஸ்வரைக்கும் போகும்.

மேலே ஏறலாம் என்று வந்தவனை அவர்கள் அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தார்கள்.

இரண்டு இரும்புத் தகடுகளைச் சேர்ப்பதற்கு ரிவிட்டு என்று ஒரு கட்டையாணி. அதைச் சிவக்கக் காய்ச்சி, தகடுகளின் துளைவழியே நுழைத்து, தலையுள்ள பக்கத்தில் ஒருவன் கனத்த இரும்புக் கட்டையால் முட்டுக்கொடுத்துத் தாங்கவேண்டும். எதிர்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முனையை இன்னொருவன் சம்மட்டியால் அடித்துத் தொப்பிபோல் மடக்குவான். ஆறும்போது ஆணி சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஜபருல்லாவின் வேலை கீழே காற்றுச்சக்கரம் சுற்றி, நிலக்கரி உலையில் ஆணிகளைக் காய்ச்சி, குறட்டால் எடுத்து மேலே வீசுவது. மேலே ஒருவன் தகர டப்பாவை நீட்டி அதைப் பிடிப்பான்.

சம்மட்டி பிடித்தவன் சுப்பையா. ஜபருல்லாவைவிட ஒரு வயது சின்னவன். குள்ளம், கழுத்தே இல்லாததுபோல் தோள் காதுவரை ஏறியிருக்கும். எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஓடிவந்து, கூலியாகச் சேர்ந்து, எந்தத் தாளும் இல்லாமல் தொழிலைப் பிடித்துக்கொண்டவன். அவன் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. திட்டுவான், அவ்வளவுதான்.

"பாய்! இது ஆணியா, வெந்த வள்ளிக்கிழங்கா? பொறி பறக்குது பாரு, தீச்சுட்டே. வேற போடு!"

"நீ"யும் "வா, போ"வும் ஜபருல்லாவுக்குச் சுருக்கென்று தைக்கும். தன்னைவிடச் சின்னவன். ஆனால் மேலே இருக்கிறவன்.

அந்த வருஷ நோன்பு உலைக்கு முன்னால்தான் வந்தது. தண்ணீர்கூட இல்லாமல் நெருப்புக்கு நேரே பகல் முழுக்க நிற்கவேண்டும். நாலாம் நாள் ஜபருல்லாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் அவன் வந்து பார்த்தபோது உலை இருந்த இடத்தில் இல்லை. ஆற்றுக்காற்று வீசும் பக்கம், ஒரு தகரத்தின் நிழலில் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. யார் செய்தது என்று ஹனீபாவிடம் கேட்டான்.

"சுப்பையாதான் விடிகாலையில வந்து தூக்கி வச்சான். கேட்டா, 'காத்துப் பக்கம் வச்சாத்தான் உலை நல்லா எரியும்'ங்கிறான்."

ஜபருல்லா நன்றி சொல்லப் போனான். சுப்பையா காதில் வாங்கிக்கொள்ளாமல் ஏணியில் ஏறிவிட்டான்.

ஒரு வருஷம் ஆனால் மேலே ஏற்றுவோம் என்று சொல்லியிருந்தார்கள். வருஷம் முடிந்தது. போர்மேன், "பார்ப்போம்" என்றார். மழைக்காலம் வந்து போனது. மறுபடி "பார்ப்போம்." தலைக்கு மேலே இரும்பு நாளுக்கு நாள் உயர்ந்துகொண்டே போக, அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினான். சோற்றுச் சட்டிக்குப் பயந்து ஓடிவந்தவனுக்குக் கரிச் சட்டி வாய்த்ததே என்று நினைத்துக்கொள்வான். முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். பாயில் படுத்தாலும் கால் அசைந்துகொண்டே கிடக்கும். ஹாஜரா தன் காலை அவன் கால்மேல் போட்டு அழுத்திக்கொள்வாள்.

ஒருநாள் காலை, பிறைக்குப் போகும் பெர்ரி சங்கு ஊதியது. ஜபருல்லா துறையில் நின்றான். கூட்டம் ஏறியது. கயிற்றை அவிழ்த்தார்கள். அவன் ஏறவில்லை. படகுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் அகன்றுகொண்டு போவதைப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்து, ஆயர் ஈத்தாமுக்குப் போகும் ட்ராமில் ஏறி உட்கார்ந்தான்.

ஆயர் ஈத்தாமில் அவனுக்குத் தெரிந்த அய்யாக்கண்ணு மாட்டுக்கொட்டகை வைத்திருந்தார். வண்டிப்பேட்டைக் காலத்துப் பழக்கம். அவர் எதுவும் கேட்கவில்லை. ஒரு அரிவாளைக் கொடுத்து, "புல்லு அறுத்துப் போடு, சோறு இருக்கு" என்றார். நாலைந்து நாள் மலையடிவாரத்தில் புல் அறுத்தான். வானம் பெரியதாக இருந்தது. ஏவுவதற்கு ஆள் இல்லை. ஆனாலும் அந்த எறும்பு ஊர்வது மட்டும் நிற்கவில்லை. ஹாஜராவுக்குச் சொல்லி அனுப்பவும் துணிவில்லை.

கொட்டகைக்குப் போகும் வழியில் ஓடைமேல் ஒரு சின்ன இரும்புப் பாலம். யார் எப்போது போட்டதோ. ஒரு மாலை, தலையில் புல்லுக்கட்டோடு அதில் நின்று மூச்சு வாங்கினான். கை சும்மா இராமல் கைப்பிடிச் சட்டத்தின் ரிவிட்டுத் தலைகளைத் தடவிக்கொண்டே போனது. ஒன்றில் விரல் இடறியது. தலை ஒருபக்கமாகச் சாய்ந்து, அடியில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. குனிந்து பார்த்தான். கட்டை எடுத்துத் தாங்கினவன் இரும்பு ஆறுமுன்னே கையை எடுத்திருக்கிறான். அடுத்த வேலைக்குப் பறந்தானோ, சும்மா நிற்கமுடியாமல் எடுத்தானோ, எடுத்துவிட்டான். மழைத்தண்ணீர் இறங்கித் துரு வழிந்திருந்தது.

அன்றிரவுச் சோறு அவனுக்கு இறங்கவில்லை. "அந்தப் பாலத்து ஆணி ஒண்ணு சரியில்லைண்ணே" என்றான்.

"எந்தப் பாலம்?" என்றார் அய்யாக்கண்ணு. தினமும் அதில்தான் மாடு ஓட்டுகிறார். "அது நல்லாத்தானே இருக்கு!"

அவருக்கு எப்படிச் சொல்வது என்று ஜபருல்லாவுக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் ஒருவன்தான், அவனும் திட்டுவான்.

மறுநாள் முதல் ட்ராமில் ஊருக்கு வந்து, நேரே வீட்டுக்குப் போனான். ஹாஜரா கதவைத் திறந்து அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றான். "அப்படியே பெர்ரிக்குப் போங்க. திரும்பி வந்தா சோறு. இல்லாட்டி நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்" என்று கதவைச் சாத்தினாள்.

பட்டறையில் போர்மேன் அவனை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தி, ஒப்பந்தத்தில் இன்னும் சில மாதங்கள் கூட்டியிருப்பதாகச் சொன்னார். சுப்பையா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"நீ காணாம போனதில உலைக்கு ஆளில்லாம நாங்க அத்தனை பேரும் சும்மா நின்னோம், தெரியுமா பாய்? ஆணி எண்ணித்தான் எங்களுக்கு காஜி. நீ ஊர் சுத்துவே, நாங்க ஈ ஓட்டணுமா?"

ஜபருல்லா தலையைக் குனிந்துகொண்டான். சுப்பையா போர்மேன் பக்கம் திரும்பினான். "தொரே, இவனை அடுப்புல வைக்காதீங்க. மேல ஏத்துங்க. கீழ வச்சா ஓடுறான். மேல வச்சா எங்கே ஓடுவான்?"

போர்மேனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கே ஜபருல்லாவை மேலே அனுப்பினார். உலைக்கு ஒரு காண்டோனியச் சீனர் வந்தார்.

சுப்பையாவுக்கு எதிர்ப்பக்கம் அவனுக்கு இடம். நடுவில் இரும்பு. கையில் முட்டுக்கொடுக்கும் கட்டை. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆணி வரும், அவன் வயிற்றையும் தோளையும் கொடுத்துக் கட்டையை அழுத்திக்கொள்வான், அந்தப் பக்கத்திலிருந்து சுப்பையாவின் அடிகள் இரும்பின்வழியாக அவன் பல்வரை வந்து இறங்கும். அடி நின்ற பிறகும் ஒரு மூச்சு நேரம் கையை எடுக்கக்கூடாது. அந்த ஒரு மூச்சு அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. எடுத்துவிட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து வசவு பறக்கும். மெதுமெதுவாக வசவு குறைந்தது. காதும் குறைந்தது. வீட்டில் ஹாஜரா சத்தம்போட்டுப் பேசவேண்டியதாயிற்று. அதற்குள் அவர்களுக்கு நோர்மா என்று ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. "நல்லவேளை, புள்ள அழுவுறது உங்களுக்குக் கேக்காது" என்பாள் ஹாஜரா.

மேலே போனதும் அவனுக்கு அமைதி வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஒரு கிடங்கு பாதி எழும்பும்போதே அவன் மனம் அடுத்த கிடங்குக்குப் போய்விடும். உச்சிச் சட்டத்தில் இருந்தால் தீவும், துறைமுகமும், நடுவே ஊர்ந்துபோகும் பெர்ரியும் தெரியும். தெற்கே போகும் கப்பல் ஒன்றைக் கண்டுவிட்டால் அது மறையும்வரை கழுத்து திரும்பியே இருக்கும். "பாய், கப்பல் போகட்டும். ஆணியைப் பாரு" என்று இரும்புக்குப் பின்னாலிருந்து குரல் வரும். பார்க்காமலே அவனுக்கு எப்படித் தெரிகிறது என்று ஜபருல்லா வியப்பான்.

ஒருநாள் மேற்கே கடல் கறுத்தது. சுமத்ராக் காற்று எனப்படும் அந்தத் திடீர்ப் புயல், இறங்குவதற்குள் வந்து அறைந்தது. ஏணி சரிந்து விழுந்தது. கீழே இருந்தவர்கள் கொட்டகைக்குள் ஓடிவிட்டார்கள். உச்சித் தூலத்தில் சுப்பையாவும் ஜபருல்லாவும் எதிரும் புதிருமாகக் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்து, இடுப்புத்துணிகளைச் சேர்த்து முடிந்துகொண்டார்கள். மழை ஊசி ஊசியாய்க் குத்தியது. வேறு வழியில்லாமல் பேசினார்கள்.

"பயமா இருக்கா?" என்றான் ஜபருல்லா.

"இருக்கு. உனக்கு?"

"எனக்குச் சும்மா உக்காந்திருக்கிறதுதான் பயமா இருக்கு."

சுப்பையா வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து ஜபருல்லா பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு எஸ்டேட்டைப்பற்றிச் சொன்னான். இடுப்புக் குழந்தையாகக் கப்பலில் வந்தது, அப்பன் காய்ச்சலில் போனது, ஆத்தாளும் அதே லயத்தில் செத்தது.

"ஊரு எது?"

"ஏதோ திருச்சிப் பக்கம்பாங்க. பேருகூட ஆத்தா வாயில கேட்டதுதான். எனக்கு ஊருன்னா, இந்தா, இதான்" என்று உட்கார்ந்திருந்த தூலத்தை உள்ளங்கையால் தட்டினான்.

காற்று அடங்கி ஏணி வந்தபோது இருவருக்கும் பல் கிட்டியிருந்தது. மறுநாள் சுப்பையா வழக்கம்போலத் திட்டினான். ஆனால் மதியம் கஞ்சி குடிக்க உட்காரும்போது ஜபருல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

முப்பதாம் வருஷம் ரப்பர் விலை விழுந்தது. முதலில் அது எஸ்டேட்காரர்கள் கவலையாக இருந்தது. பிறகு ஈயம் விழுந்தது. கிடங்கு கட்டுகிறவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். பாதி நின்ற இரும்புச் சட்டங்கள் பிறை ஆற்றங்கரையில் எலும்புக்கூடுபோல் நின்றன. எஸ்டேட்டுகளிலிருந்து சனங்கள் மூட்டை முடிச்சோடு பினாங்குத் துறைக்கு வந்து குவிந்தார்கள். வேலையில்லாத தமிழர்களைச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினம் கப்பலில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பட்டறையில் ஒரு சனிக்கிழமை பெயர்கள் படித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், போனவர்கள் எல்லோரும் தொழில் தெரிந்தவர்கள். சுப்பையா போனான். அப்ரண்டிஸ்கள் தங்கினார்கள். அவர்களுக்குக் காஜி குறைவு. ஒப்பந்தத் தாளும் அவர்களோடு பட்டறையையும் சேர்த்தே கட்டியிருந்தது. தன்னை இத்தனை வருஷம் மாட்டைப்போல் கட்டிவைத்த அந்தத் தாள்தான் இப்போது தனக்குச் சோறு போடுகிறது என்பது ஜபருல்லாவுக்கு விளங்கியது.

போர்மேன் அவனைக் கூப்பிட்டார். கையில் ஒரே ஒரு வேலை மீதம் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டிக்கு உயரமான இரும்புக் கோபுரம். "சம்மட்டி இனி உனக்கு" என்றார். "காஜி மட்டும் அப்ரண்டிஸ் காஜிதான்."

"நான் தாங்குகிறவன். அடித்ததில்லை."

"இத்தனை வருஷம் அவன் அடியை வாங்கியவன் நீ. உனக்குத் தெரியாதா?"

ஜபருல்லா அன்று பெர்ரிக்குப் போகவில்லை. ஆற்றங்கரையில் இங்கும் அங்கும் நடந்தான். ஓடிவிடலாம், இந்தக் காலத்தில் அப்ரண்டிஸைத் தேடிப் போலீஸ் வராது. கால்கள் தயாராக இருந்தன. ஆனால் அவை அவனைச் சுப்பையா தங்கியிருந்த கள்ளுக்கடைப் பின்புறக் கொட்டகைக்குத்தான் கொண்டுபோய் விட்டன. சுப்பையா துணிகளை ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தான்.

"கப்பலுக்குப் பேர் கொடுத்தாச்சு, பாய்."

"அங்க யாரு இருக்கா உனக்கு?"

"யாருமில்ல. இங்க மட்டும் யாரு இருக்கா?"

ஜபருல்லா நின்ற இடத்தில் நிற்கமுடியாமல் கொட்டகைக்குள் நடந்தான். "போர்மேன் சம்மட்டியை என்கிட்டக் குடுக்கிறாரு. நான் ஒத்துக்கப்போறேன். ஆனா தாங்குறதுக்கு ஆள் நான்தான் சொல்லுவேன்னு கேக்கப்போறேன். தினக்கூலிதான் குடுப்பாங்க. நீ வரணும்."

சுப்பையா திணிப்பதை நிறுத்தினான். எழுந்தான். முகம் சிவந்து, தோள் இன்னும் மேலே ஏறியது.

"என்ன சொன்னே? நீ அடிப்பே, நான் உனக்குத் தாங்கணுமா?"

"ஆமா."

"நேத்து வரைக்கும் அடுப்பு ஊதினவன்டா நீ!"

"ஆமா. அதுக்கென்ன இப்ப? கப்பல்ல போய் யாருக்குத் தாங்கப்போறே?"

சுப்பையா அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினான். படியில் தடுக்கி ஜபருல்லா சேற்றில் விழுந்தான். கள்ளுக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் எழுந்து, சேற்றைத் துடைக்காமல், கதவைப் பார்த்து உரக்கச் சொன்னான்: "திங்கக்கிழமை காலையில ஆரம்பிக்கிறோம்!"

ஜபருல்லா போய்க் கேட்டதும் போர்மேன் தோளைக் குலுக்கினார். தினக்கூலிக்கு யார் வந்தால் என்ன என்றார். ஆனால் துரையின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்றார்.

திங்கட்கிழமை காலை கோபுரத்தின் கால்மாட்டில் சீனர் உலை மூட்டிக்கொண்டிருந்தார். ஜபருல்லா சம்மட்டியைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தபடி சுற்றிச் சுற்றி வந்தான். வெயில் ஏறியது. வேறு கூலி ஆளைக் கூப்பிடட்டுமா என்று போர்மேன் கேட்டார். "கொஞ்சம் பொறுங்க" என்றான். வாழ்நாளில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது அபூர்வம்.

சுப்பையா வந்தான். யாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த கட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினான்.

முதல் ஆணி வந்தது. ஜபருல்லா அடித்தான். எதிர்ப்பக்கம் இரும்பு மலைபோல் அசையாமல் நின்றது. அப்படி ஒருவன் தாங்கினால் அடிப்பது எவ்வளவு எளிது என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. தலை கட்டி முடிந்ததும், கட்டையில் வந்த அதிர்வை வைத்தே எடைபோட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"இது தொப்பியா? நசுங்கின இட்லி. வெட்டி எடு. மறுபடி அடி."

வெட்டி எடுத்தான். மறுபடி அடித்தான். முதல் வாரம் அப்படியே போனது. கோபுரம் உயர உயர, கீழிருந்து பார்ப்பவர்களுக்கு யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் போயிற்று. கடினமான மூலை வந்தால் சுப்பையா ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுவான். ஜபருல்லா சம்மட்டியைக் கொடுத்துவிட்டுக் கட்டைப் பக்கம் போய்விடுவான். போர்மேன் ஒருநாள் ஏறி வந்து பார்த்துவிட்டார். "தொட்டி ஒழுகாமல் இருந்தால் சரி" என்று இறங்கிப்போனார்.

நாகப்பட்டினம் கப்பல் சுப்பையா இல்லாமல் போனது. அடுத்ததும் போனது. ஆனால் கோபுரமும் ஒருநாள் முடிந்தது. அன்று மாலை சுப்பையா கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "தெக்கே சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் கப்பற்படைக்குத் துறை கட்டுறானாம். இரும்பு வேலை இருக்காம். நடந்தாவது போறேன்" என்றான். வருகிறாயா என்று கேட்கவில்லை. ஜபருல்லாவின் தாள் இன்னும் முடியவில்லை என்று அவனுக்குத் தெரியும்.

அந்த மிச்ச மாதங்கள்தான் ஜபருல்லாவுக்கு மிகக் கடினமாக இருந்தன. பட்டறையில் துருத் தேய்க்கும் வேலை. ஓடிப்போனதற்காகக் கூட்டிய மாதங்கள் அவை. மற்றவர்களைப்போல் நேராக இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே தன் காலைத் தானே திட்டிக்கொள்வான். ஆனாலும் ஒருநாள்கூடப் பெர்ரியைத் தவறவிடவில்லை.

முப்பத்திரண்டில் தாள் முடிந்தது. தொழில்காரன் என்ற சான்றிதழைத் துரை கையெழுத்திட்டுக் கொடுத்தார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் தங்கலாம் என்றார். ஜபருல்லா யோசிக்காமலே வேண்டாம் என்றுவிட்டான்.

அப்துல் ரஹீமுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆறு வருஷம் நின்னியே, புத்தி வந்துடுச்சுன்னு பள்ளிவாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே! இப்ப மறுபடியுமா?"

"இது அந்த மாதிரி இல்ல அத்தா. ஒரு கட்டடம் முடிஞ்சா அடுத்ததுக்குப் போறதுதான் இந்த வேலையே."

"அப்ப உனக்கேத்த வேலைதான்" என்று கிழவர் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனையில் நின்று, திரும்பிப் பாராமல், "போறதுக்கு முந்தி சொல்லிட்டுப் போ. ரயிலுக்குச் சோறு கட்டித் தாரேன்" என்றார்.

ஹாஜரா நோர்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளைக்கு?" என்று உரக்கக் கேட்டாள்.

"வேலை முடியிற வரைக்கும்."

"அப்புறம்?"

"அடுத்த வேலை எங்கயோ, அங்க."

அவள் பின்னலை முடிந்துவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தாள். "அப்ப அந்த மரக்கட்டிலை அண்ணன்கிட்டக் குடுத்துடுவோம். நமக்குப் பாய் போதும்" என்றாள்.

சிங்கப்பூரில் சுப்பையாவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் பிடித்தது. வேலைத்தலத்து வாசலில் அவனைப் பார்த்தபோது சுப்பையா முதலில் அடையாளம் தெரியாதவன்போல் விழித்தான். "மீசை வச்சிருக்கே" என்றான் கடைசியில். பிறகு அவனை இழுத்துக்கொண்டு போய்த் தன்னுடைய மேஸ்திரிமுன் நிறுத்தினான்.

"இவரு யாரு?" என்றார் மேஸ்திரி.

"பினாங்குக்காரரு. கொஞ்சம் பறப்பாரு. ஆனா கையை எடுக்கமாட்டாரு."

மேஸ்திரி இருவரையும் ஒரு தூலத்துக்கு அனுப்பினார். சுப்பையா முந்திக்கொண்டு சம்மட்டியை எடுத்தான். ஜபருல்லா கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனான். கீழே உலையில் ஆணி சிவந்துகொண்டிருந்தது. காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் இரும்பின்மேல் நின்ற காலை மாற்றி மாற்றி ஊன்றினான்.

"பாய், ஆடாம நில்லு" என்றது எதிர்ப்பக்கம்.

"மத்தியானத்துக்கு மேல சம்மட்டி எனக்கு" என்றான் ஜபருல்லா.

"பாக்கலாம்" என்றான் சுப்பையா. அதற்குள் ஆணி வந்துவிட்டது.